வெள்ளச்சியின் கனம்

ஒரு பூனை என்ன கனம் இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? மூன்று கிலோ, நன்றாகத் தின்று திரிகிற கடுவனாக இருந்தால் நான்கு, அதற்கு மேல் போனால் அது பூனையே இல்லை என்றுதானே சொல்வீர்கள். மாவிலங்கம்பட்டியிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வேலுத்தாயின் வெள்ளச்சி ஒரு மாசி மாதக் காலையில் அடுப்பு மேடையிலிருந்து கீழே குதித்து, குதித்த இடத்தில் சிமெண்டுத் தரை விண்டுபோகிற வரைக்கும்.

"தரைய ஒழுங்கா பூசல அந்தக் கொத்தன்" என்று வேலுத்தாய் சிரித்தாள். மூன்று வயது மகள் மித்ராவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவள், எதற்கும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் என்னவென்று பார்க்கிறவள், கணவன் மாரிச்சாமி போர்வெல் வண்டியோடு வடக்கே போய் ஏழு மாதமாகியும் அந்தச் சிரிப்பாலேயே வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறவள். சிரித்து முடித்துப் பூனையைத் தூக்கினாள், தூக்கினதும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பார்வைக்கு அதே பூனை, அதே ஒல்லி வயிறு, மூக்கு மட்டும் சுட்டது, கண் ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. கடலை நிறுக்கிற கொக்கித் தராசில் துணியைத் தொட்டில் கட்டி அதில் பூனையை உட்காரவைத்துப் பார்த்தாள். ஒன்பது கிலோ.

கடலைக்காரர்களின் ஊர் அது. அறுபத்து நாலு தலைக்கட்டு, வீட்டுக்கு வீடு கடலை மூட்டை, மூட்டைக்கு மூட்டை எலி, ஆகவே வீட்டுக்கு வீடு பூனை. கமிஷன் கடைக்குப் போகிற சாக்கு மாறிப்போய்விடக் கூடாதென்று அவரவர் சாக்கில் அவரவர் அடையாளத்தைப் பெயிண்டில் எழுதுவார்கள், சிலர் பெயரை, சிலர் சூலத்தை. வேலுத்தாய் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் தன் நோட்டுகளில் வரைந்துகொண்டிருந்த அதே ஐந்து இதழ்ப் பூவை, நடுவில் ஒரு புள்ளி வைத்து, சிவப்பில் வரைவாள்.

மறுநாள் ஆட்டுக்குட்டிக்குப் பூச்சி மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பூனைங்க டாக்டரம்மா. காய்ச்சலா இருக்கு, கனமும் ஏறிக்கிட்டே போகுது."

டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை, கால்குலேட்டரை எடுத்தார். "எவ்வளவு இருக்கு?"

"ஒம்பது கிலோ."

"கிலோவுக்கு அரை மில்லி, அஞ்சு நாள் ஊசி. மூணு பாட்டில் ஆகும். ஆடு மாடுன்னா மருந்து இங்கயே இருக்கும், பூனைக்கு கவர்மெண்டுல வர்றதில்லம்மா, வெளியதான் வாங்கணும். பாட்டில் நானூறு. சீக்கிரம் கொண்டு வரச் சொல்லுங்க, இது தொத்து நோய். நாளாக ஆகக் கனம் கூடும், கனம் கூடக் கூட மருந்தும் கூடும்."

ஆயிரத்து இருநூறு ரூபாய் வேலுத்தாயிடம் இருந்தது. மித்ராவின் காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடை எடுக்கவென்று அரிசி டிரம்மின் அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் வெட்கத்துக்கு இடமே இல்லை. இருந்தது, இருந்தும், 'பூனைக்குப் போயி ஆயிரத்து இருநூறா' என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வேண்டாத பூனையை மாவிலங்கம்பட்டியில் யாரும் அடிக்க மாட்டார்கள், அது பாவம். சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, வழி மறந்துபோக மூன்று சுற்றுச் சுற்றி, ஓடையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அது பாவமில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கேயும் வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளிலும் பூனைகள் இருக்கின்றன என்பதை ஊரில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஊரே நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்த ஒரு உச்சி வெயிலில், மித்ராவைப் பக்கத்து வீட்டு ஈஸ்வரி மதினியிடம் தூங்கவிட்டு, வேலுத்தாய் வெள்ளச்சியைச் சாக்கில் போட்டாள். அதற்குள் அது ஒரு குடம் தண்ணீர் கனத்துக்கு வந்திருந்தது. தலையில் தூக்க முடியாமல், கையில் தொங்கவிட முடியாமல், பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஓடைப் பாலத்தில் இரண்டு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அங்கே போனதும் சாக்கைச் சுற்ற வேண்டுமே, இந்தக் கனத்தை யார் சுற்றுவது? ஆகவே சாக்கை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அவளே மூன்று சுற்றுச் சுற்றினாள். தலை கிறுகிறுத்தது அவளுக்கு. பூனை அதை விளையாட்டென்று நினைத்துக்கொண்டு, சாக்குக்குள்ளிருந்து அவள் விலா எலும்போடு ஒட்டி உர்ரென்று இழைந்தது. உடைமரத்தடியில் இறக்கி வாயை அவிழ்த்தாள். பூனை வெளியே வரவில்லை, உள்ளேயே சுருண்டு படுத்து இழைந்துகொண்டிருந்தது. வேலுத்தாய் சாக்கை உதறி எடுக்கவும் மனசில்லாமல், நிற்கவும் தைரியமில்லாமல், திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டாள்.

"வெள்ளச்சி எங்கம்மா?" என்றாள் தூங்கி எழுந்த மித்ரா.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப வரும்?"

வேலுத்தாய் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுகொண்டது. அன்றிலிருந்து அவள் சிரிப்பெல்லாம் பாதிச் சிரிப்பாகவே வந்தது.

ஆனால் வெள்ளச்சி ஏற்கெனவே தெருவில் மற்ற வீட்டுப் பூனைகளோடு ஒரே தட்டில் பால் குடித்திருந்தது, ஒரே கூரையில் புரண்டிருந்தது. பத்து நாளில் ஈஸ்வரி மதினியின் சாம்பல் பூனை பரணிலிருந்து உத்திரத்தை முறித்துக்கொண்டு மாவு டப்பாவில் வந்து விழுந்தது. பதினைந்தாம் நாள் தபால்காரர் வீட்டுப் பூனை உட்கார்ந்த சைக்கிளின் பின்சக்கரம் எட்டாக வளைந்தது. இதற்கெல்லாம் வாய் பிளந்து நிற்க யாருக்கும் நேரமில்லை, கடலை பறிக்கிற காலம். காய்கிற கடலை மேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு பூனையை உட்காரவைத்தார்கள். ஆட்டுக்கு முளைக்குச்சி அடிப்பதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பூனையின் கழுத்துப்பட்டையில் கட்டினார்கள், ஆடு இழுத்து இழுத்து அலுத்துப்போனது. டவுன் பஸ்ஸில் மடியில் பூனையோடு ஏறியவளிடம் கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுக்க, அவளும் நியாயந்தான் என்று வாங்கிக்கொண்டாள். பூனைகள் இழையும்போது அந்தந்த வீட்டு அண்டாவும் தட்டும் கலகலத்தன, பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு ஆடின. ஆனால் எலியைப் பிடிக்கப் பூனையால் ஓட முடியவில்லை. மூட்டைகளில் ஓட்டை விழத் தொடங்கிய பிறகுதான் ஊருக்கு இது நோயென்று உறைத்தது.

ஊர் கூடியது. பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டுச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து மருந்து வாங்குவதென்று, வரிக் கணக்குப் பார்க்கிற பரமசிவம் மாமா சொன்னார். சாமிக்கு இந்த வருசம் ஒரு மேளம் குறைந்தால் கோபித்துக்கொள்ளாது, எலி கடலையைத் தின்றால் சாமிக்கே அடுத்த வருசம் பொங்கல் கிடையாது என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

கமிஷன் கடையின் பெரிய தராசைக் கோயில் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். டாக்டரம்மா வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். ஒவ்வொரு பூனையாகத் தராசில் ஏற, "முப்பத்தெட்டு", "நாப்பத்தொண்ணு", "இது யாரு வீட்டுதுப்பா, அம்பத்தஞ்சு!" என்று கடலை மூட்டைக்குக் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டார்கள். கனத்த பூனைக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றார்கள்.

அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் பரமசிவம் மாமா டாக்டரம்மாவின் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"மொத மொத எந்த ஊருல வந்துச்சுன்னு போட்டிருக்கு டாக்டரம்மா?"

"காலனியிலருந்து ஒரு வெள்ளைப் பூனை. பெண் பூனை, இருபத்தாறு கிலோ. அன்னக்கொடின்னு ஒருத்தங்க கடலை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. பூனையக் கையோட கொண்டுவந்து காட்டுனது அவங்க ஒருத்தங்கதான், அதனாலதான் பதிவாச்சு."

"அப்ப அங்கேருந்துதான் வந்திருக்கு" என்றார் பரமசிவம் மாமா, டாக்டரம்மா சொன்னதில் பின்பாதி தன் காதில் விழாதவர் போல.

"அதானே பாத்தேன்" என்றாள் ஈஸ்வரி மதினி. "ஏன் வேலு, அங்கேருந்துதானே வந்திருக்கும்?"

வேலுத்தாய் மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்க வழியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கலாம், பிள்ளையைக் கிள்ளி அழவிட்டிருக்கலாம். அவள் சிரித்தபடி, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "பின்ன வேற எங்கேருந்து?" என்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அன்னக்கொடி வந்து சேர்ந்தாள். பஸ் நிறுத்தத்தில் கடலை வறுத்து விற்கிறவள், ஆறிலிருந்து பத்து வரைக்கும் வேலுத்தாயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அவள் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவள். தள்ளுவண்டியில் வறுக்கிற சட்டியை இறக்கிவிட்டு வெள்ளைப் பூனையை ஏற்றியிருந்தாள். பின்னால் ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள், சக்கரம் மண்ணில் சாணளவு பதிந்து வந்தது.

"எங்க பக்கம் பதினோரு பூனை ஐயா" என்றாள். "ரெண்டு பாட்டில் நானே வாங்கி ஒரு நாளைக்குப் போட்டேன். மிச்சத்துக்கு வழியில்ல. இதுங்களையும் சேத்துப் பாக்கச் சொல்லணும்."

"இது தலைக்கட்டுப் பணம்த்தா. நீங்க வரி கட்டுனவங்க இல்லையே" என்றார் பரமசிவம் மாமா.

"எங்ககிட்ட என்னைக்கு ஐயா கேட்டீங்க?"

"சரி, நோயக் கொண்டுவந்து விட்டவங்களுக்கே மருந்தும் வாங்கிக் குடுக்கணும்னா எப்படி?"

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையில் ஊசி இருந்தது, மருந்து பரமசிவம் மாமாவின் பையில் இருந்தது. அன்னக்கொடி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், வேலுத்தாயிடம் வந்ததும் கண்ணை நிறுத்தினாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து 'வேலு, வேலு' என்று பென்சிலால் முதுகில் குத்தியவள் தெருவுக்குள் வந்ததும் 'ங்க' போட்டுப் பேசினாள்.

வண்டியில் கிடந்த வெள்ளச்சி வேலுத்தாயைக் கண்டதும் தலையைத் தூக்கி இழைந்தது. தராசின் தட்டு தானாக ஆடியது. "அம்மா, வெள்ளச்சி!" என்று மித்ரா எழுந்தாள்.

"எல்லா வெள்ளப் பூனையும் வெள்ளச்சியாடி?" என்று வேலுத்தாய் பிள்ளையின் வாயைப் பொத்தி, முகத்தைத் தன் தோளோடு அமுக்கிக்கொண்டு, அந்தப் பாதிச் சிரிப்பைச் சிரித்தாள். வண்டி திரும்பிப் போகும்போது ஒரு சக்கரம் கிரீச்சென்றது. ஐந்து பேர் தள்ளிய வண்டியை இப்போது இறக்கத்தில் ஐந்து பேர் பிடித்து நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருந்தது.

ஊர்ப் பூனைகள் ஒவ்வொன்றாகத் தேறின. ஐம்பத்தைந்து நாற்பதாகி, நாற்பது பத்தாகி, ஒரு நாள் ஈஸ்வரி மதினியின் சாம்பல் பூனை ஓடு அசையாமல் கூரையேறியது. எலிகள் குறைந்தன. ஊர் பழைய ஊராகியது, ஒன்றைத் தவிர. சாயங்கால நேரமானால் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூமிக்குள்ளேயே ஒரு உர்ர் வந்தது. பதினோரு பூனையின் இழைச்சல் மண்ணுக்கடியில் ஓடையைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, தட்டுமுட்டுச் சாமான்களை நடுங்க வைத்தது. ஊர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. பாத்திரங்களுக்கு அடியில் பழந்துணியை மடித்துப் போட்டார்கள், உர்ர் கேட்டதும் விளக்கேற்றினார்கள், "ஆறு மணியாச்சு, பூனை இழையுது" என்று பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். யாரும் அது ஏன் இழைகிறதென்று கேட்கவில்லை.

வேலுத்தாயின் வீட்டில் துணி போட்டும் நிற்கவில்லை. அரிசி டிரம்மின் மூடி தடதடவென்று அடித்துக்கொண்டது. அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள், குழவியும் சேர்ந்து ஆடியது.

"வெள்ளச்சி கூப்பிடுது" என்றாள் மித்ரா. "அதோட அம்மா வீடு நல்லால்லையாம்."

வேலுத்தாய் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய், பிளாஸ்டிக் பையைப் பிரித்து, மூன்று பாட்டில் மருந்து வாங்கினாள். கையில் ஊசியும் பஞ்சும் இருந்ததால் மனசு கொஞ்சம் லேசானது. காலனிக்குப் போகிற வழியெல்லாம் அன்னக்கொடியிடம் என்ன சொல்லிக் கொடுப்பதென்று யோசித்துக்கொண்டே நடந்தாள். 'மனசு கேக்கல அன்னம், அதான் என் கைக்காசப் போட்டு வாங்கிட்டு வந்தேன்' என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் எண்ணத்தில் அன்னக்கொடி கண் கலங்கக்கூடச் செய்தாள். உதவி செய்ய வந்தவளாக வந்து, உதவி செய்தவளாகவே திரும்பிப் போய்விடலாம், சாக்குப் பேச்சே வர வேண்டியதில்லை என்று அந்த ஓடைப் பாலத்தில் நடந்தபோதும் அவள் நினைத்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

அன்னக்கொடி வீட்டுத் தரை மண் தரை. வெள்ளச்சி அதில் வயிறு வரைக்கும் அமிழ்ந்துபோய், முன்னங்கால் இரண்டையும் மேலே ஊன்றி, தண்ணீரில் எருமை படுத்திருக்கிற மாதிரி படுத்திருந்தது. அதன் வாய்க்கெட்டுகிற தூரத்தில் பாலும் கருவாட்டுத் துண்டும் இருந்தன. முதுகில் புண் வராமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது.

"வா வேலு" என்றாள் அன்னக்கொடி. வீட்டுக்குள் 'ங்க' இல்லை. "டீ போடவா, குடிப்பியா?"

"குடிப்பேன்" என்றாள் வேலுத்தாய். ஒரே பெஞ்சில் ஐந்து வருசம் உட்கார்ந்தும் இந்த வீட்டில் முதல் டீ அது. பாதி டம்ளர் குடித்துவிட்டு, யோசித்து வைத்திருந்ததை ஒரு சொல் தப்பாமல் சொல்லிப் பாட்டில்களை எடுத்துத் தரையில் வைத்தாள். அன்னக்கொடிக்குக் கண் கலங்கவில்லை.

"நேத்து ரேஷன் கடைத் தராசக் கொண்டுவந்து, எட்டுப் பேரு தூக்கி வச்சு நிறுத்தோம். நூத்தி நாப்பது. ஒரு நாள் ஊசிக்கே எழுவது மில்லி. நீ கொண்டாந்தது முப்பது" என்றாள். "இதப் போட்டா முன்னங்கால் ஒண்ணு மட்டும் குணமாகும் போல. அத வச்சு என்ன, கையாட்டிக்கிட்டுக் கெடக்கவா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். வெகு நாளைக்குப் பிறகு வேலுத்தாய்க்கு முழுச்சிரிப்பு வந்தது, வந்து முடிவதற்குள் அன்னக்கொடி எழுந்து மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, துவைத்து, நாலாக மடித்து வைத்திருந்த ஒரு சாக்கை எடுத்தாள். மேல் மடிப்பில் சிவப்பில் ஐந்து இதழ்ப் பூ, நடுவில் ஒரு புள்ளி.

"அந்த உடைமரத்தடியில இதுக்குள்ள படுத்துக் கெடந்துச்சு. பூவப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உன் நோட்டுல எத்தன தடவ பாத்திருப்பேன்."

வேலுத்தாய்க்கு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முகம் காதுவரைக்கும் எரிந்தது. "அப்ப... அன்னைக்குக் கோயில்கிட்ட..."

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கலாம்ல, அன்னம்?"

"நான் சொன்னா, சாக்கத் திருடிக்கிட்டுப் போயிட்டோம்னு சொல்லியிருப்பாங்க. நீ சொல்லுவன்னு நின்னேன். 'பின்ன வேற எங்கேருந்து'ன்ன. வண்டி நிறுத்தும்போது என் காதுல விழுந்துச்சு."

வெள்ளச்சி வேலுத்தாயின் கால் விரலை நக்கியது. நாக்குக்கூடக் கனத்தது, ஈரத் துணியை வைத்து அமுக்கின மாதிரி. அது இழைய, அடுப்பிலிருந்த டீச்சட்டி ஆட, சுவர் அதிர, ஓடைக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு அரிசி டிரம்மின் மூடி அடித்துக்கொள்வது வேலுத்தாய்க்கு இங்கிருந்தே கேட்டது. "ஆயிரத்து இருநூறு இருந்துச்சு அன்னம்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "அன்னைக்கே இருந்துச்சு. ஒம்பது கிலோவா இருக்கும்போதே இருந்துச்சு."

அன்னக்கொடி ஒரு பாட்டிலை எடுத்து உடைத்து, ஊசியில் ஏற்றி, வெள்ளச்சியின் தோளில் போட்டாள். இவ்வளவாவது இறங்கட்டும் என்பது போலப் போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டாள். பிறகு சாக்கை எடுத்து, இடுப்பில் பிள்ளையை மாற்றிக் கொடுப்பது போல வேலுத்தாயின் கையில் கொடுத்தாள். வெறும் சாக்கு, அரைக் கிலோகூட இருக்காது. வேலுத்தாய்க்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா கடைசியா வர்றாங்க, பொங்கப் பணத்துல இன்னும் மருந்து மிச்சமிருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் அன்னக்கொடி. "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி, வேலு. இத எடுத்துக்கிட்டுப் போயி, பரமசிவம் ஐயா வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்குல்ல கொடி, அதுல காயப் போடு. பூ தெருப் பக்கமா இருக்கட்டும். எங்க கெடந்துச்சு, உள்ள என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, சிரிக்காமச் சொல்லு."